நாலு கிலோ நாய்க்கு ஒரு சீசா

நாய்கள் தடைகளைத் தாண்டி, நுழைந்து, ஏறி இறங்கி, நேரத்தோடு போட்டி போட்டு ஓடும் விளையாட்டு அஜிலிட்டி. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் மனதில் வருவது பார்டர் கோலி இன நாய். கறுப்பு வெள்ளையாக ஒன்று தடைகளுக்கு மேல் பறந்துபோகும், பக்கத்தில் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவார். எங்கள் வீட்டில் இருப்பது பப்பியான் என்கிற சின்ன இனத்தின் கலப்பு. பெயர் பொரி, எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, தோள் உயரம் 27 செ.மீ. இவனை வைத்துக்கொண்டு இங்கே இங்கிலாந்தில் நாய்களுக்கான அமைப்பான கென்னல் கிளப்பின் போட்டிகளில் ஓடுவது என்று இறங்கியபோது, "பாவம், இவ்வளவு சின்ன உருவம், எப்படித் தாண்டும்?" என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தாண்டுவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. சின்ன நாய்க்கு வேலை வைப்பது சீசா, அதாவது நடுவில் அச்சு வைத்து மேலும் கீழும் ஆடுகிற பலகை. அதற்கடுத்து ஈரப் புல், அதற்கும் அடுத்து கூட ஓடுகிறவருடைய கால். அதனால் இந்தப் பதிவில் கணிசமான பங்கு சீசாவுக்குத்தான் போகும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. 1978இல் லண்டன் ஒலிம்பியாவில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க ஏதாவது வேண்டும் என்று குழுவில் இருந்த ஜான் வார்லி, பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லிடம் கேட்க, குதிரைகளின் தடை தாண்டும் போட்டியை மாதிரியாக வைத்து நாய்களுக்கு ஒன்றை அமைத்தார்கள். 1980இல் கென்னல் கிளப் அதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் தடை உயரம் 30 அங்குலம், அதாவது பொரி மாதிரி ஒருவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது. இப்போது நாலு உயர வகைகள் இருக்கின்றன. தோள் உயரம் 35 செ.மீ. வரை இருந்தால் ஸ்மால், தாண்ட வேண்டியது 30 செ.மீ.; 43 வரை மீடியம்; 50 வரை இன்டர்மீடியட்; அதற்கு மேல் லார்ஜ், அவர்களுக்குத் தடை 60 செ.மீ.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 27 செ.மீ. இருக்கிற பொரியும் 35 செ.மீ. இருக்கிற ஜாக் ரஸ்ஸலும் அதே 30 செ.மீ.தான் தாண்ட வேண்டும். பொரிக்கு அது தன் தோளைவிட உயரம், ஜாக் ரஸ்ஸலுக்குத் தோளுக்குக் கீழே. அமெரிக்கக் கென்னல் கிளப்பில் 11 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 28 செ.மீ.க்குள் இருக்கும் நாய்க்குத் தடை 8 அங்குலம்தான், 20 செ.மீ. என்னைக் கேட்டால் அந்த ஏற்பாடுதான் நியாயம் என்பேன். ஆனால் இங்கே இதுதான் விதி, பொரிக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. சோபா முதுகில் ஏறி ஜன்னல் வழியாகப் பூனையைத் திட்டுகிறவனுக்கு 30 செ.மீ. என்ன பெரிய உயரம்.

ஆனால் தாண்டவிடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது அவசியம். சின்ன இனங்களில் முழங்கால் சில்லு இடம் விலகுவது சாதாரணமாக வருகிற கோளாறு. ஓடும்போது பின்னங்கால் ஒன்றைத் திடீரென்று தூக்கிக்கொண்டு ரெண்டு அடி நொண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். "சேட்டை பண்றான்" என்று நாம் சிரித்துக்கொண்டிருப்போம். மருத்துவர் காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பொரிக்கு ரெண்டு காலும் கெட்டியாக இருந்தன. எடையையும் பார்க்கச் சொன்னார். நாலு கிலோ நாய் 200 கிராம் ஏறினால் அது நூற்றுக்கு ஐந்து, 60 கிலோ மனிதர் மூன்று கிலோ ஏறின கணக்கு. பயிற்சிக்குக் கொடுக்கிற தீனியை ராத்திரிச் சாப்பாட்டில் கழித்துவிட வேண்டும். நாங்கள் வேகவைத்த கோழியை நார் நாராகக் கிழித்து, பயற்றம் பருப்பு அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்கிறோம். கடையில் விற்கிற பயிற்சி பிஸ்கட் ஒவ்வொன்றும் இவன் வாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு.

சீசா

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. போட்டியில் வைக்கிற சீசா சுமார் 12 அடி நீளப் பலகை, ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், நடுவில் அச்சு. அச்சுக்கு மேலே பலகையின் மேல்பரப்பு தரையிலிருந்து 61 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 68.5ஐத் தாண்டக் கூடாது. ரெண்டு முனையிலும் 91 செ.மீ. வேறு நிறம் அடித்திருக்கும், அதுதான் கான்டாக்ட். இறங்குகிற பக்கத்துக் கான்டாக்டில் நாய் பாதம் வைத்தாக வேண்டும், பலகை தரையைத் தொடுவதற்கு முன் குதித்தால் ஐந்து ஃபால்ட், அதாவது ஐந்து தண்டப் புள்ளி. பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இறங்கும் கான்டாக்டின் நடுவில் ஒரு கிலோ எடையை வைப்பார்கள். ரெண்டிலிருந்து மூன்று வினாடிக்குள் அது தரையைத் தொட வேண்டும்.

இப்போது இருபது கிலோ கோலி ஒன்று இதில் ஏறினால், நடுவைத் தாண்டியதுமே பலகை அதன் எடைக்குக் கட்டுப்பட்டுக் கீழே போக ஆரம்பித்துவிடும். நாய் ஓடி முனைக்கு வருவதும் பலகை இறங்குவதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடந்துவிடும். நாலு கிலோ நாய்க்கு அப்படி இல்லை. நடுவைத் தாண்டினாலும் பலகை யோசித்துக்கொண்டு நிற்கும். இவன் ஏறக்குறைய முனை வரைக்கும் போய், அந்தரத்தில், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் அது நிதானமாகத்தான் இறங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் தரையில் மோதும்போது ஒரு சத்தம், கூடவே பலகை ஒரு துள்ளு துள்ளும். பெரிய நாயின் எடை அந்தத் துள்ளலை அமுக்கிவிடும், சின்ன நாயைத் தூக்கிப் போடும். எந்த நாய்க்குத்தான் பிடிக்கும்?

கிளப்பில் இருக்கும் சீசா முழு உயரம், வாரத்தில் ஒரு நாள்தான் கையில் கிடைக்கும். வீட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒன்று செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

18 மி.மீ. பிளைவுட், 8 அடிக்கு 4 அடி தாள். கடையிலேயே நீளவாக்கில் 30 செ.மீ. அகலத்துக்கு அறுத்துத் தந்தார்கள், ஒரு தாளில் நாலு பலகை. ஒன்று சீசாவுக்கு, மீதி மூன்று அப்புறம் டாக் வாக்குக்கு, அதாவது நாய் ஏறி, நேரே நடந்து, இறங்குகிற பலகைப் பாலத்துக்கு. எட்டு அடிப் பலகை தனியாக வைத்தால் நடுவில் தொய்யும், அதனால் அடியில் ரெண்டு சட்டம், 38க்கு 63 மி.மீ., செங்குத்தாக நிறுத்தி மேலேயிருந்து திருகு. திருகின் தலை மேல்பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும், துருத்தினால் நகம் மாட்டும். சட்டங்களின் சரிநடுவில் 28 மி.மீ. துளை, அதில் முக்கால் அங்குல இரும்புக் குழாய். அதுதான் அச்சு. குழாயில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் கிறீச்சிடாது. எண்ணெய் போட்டால் தூசி சேரும்.

தாங்கு கால்கள் ரெண்டு பக்கமும் ஏ வடிவத்தில், 2க்கு 4 சட்டத்தில். நடுச் சட்டத்தில் வெவ்வேறு உயரத்தில் துளைகள் போட்டால் குழாயை மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். உயரத்தை அச்சில் அளக்கக் கூடாது, பலகையின் மேல்பரப்பில் அளக்க வேண்டும். என் அமைப்பில் அச்சின் மையம் மேல்பரப்புக்கு நாலு செ.மீ.க்கு மேல் கீழே இருக்கிறது, துளைகளை அதைக் கழித்துத்தான் போட்டேன். மேல்பரப்பு 10, 20, 30, கடைசியாக 41 செ.மீ.

ஏன் 41? போட்டிச் சீசாவில் பாதி நீளம் 1.83 மீட்டர், உயரம் 61 செ.மீ., அதாவது சாய்வு சுமார் 20 டிகிரி. என் பலகையில் பாதி நீளம் 1.22 மீட்டர்தான். இதை 61 செ.மீ. உயரத்தில் வைத்தால் சாய்வு 30 டிகிரி ஆகிவிடும், நாய் ஏறுவதற்கே பின்னங்காலால் சறுக்கும். அதே 20 டிகிரி வர வேண்டுமென்றால் 41தான். இதில் விட்டுப்போவது முனை விழுகிற தூரம். போட்டியில் முனை 1.2 மீட்டர் இறங்கும், இங்கே 80 செ.மீ. அந்த மீதியைக் கிளப்பில்தான் பழக்க வேண்டியிருக்கும்.

ஏறுகிற முனை எப்போதும் தரையில் கிடக்க வேண்டும் அல்லவா, அதற்கு அந்தப் பக்கம் அடியில் ரெண்டு இரும்புப் பட்டைகளை முடுக்கினேன். பிறகு மறுமுனையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்து, பட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, ரெண்டரை வினாடி வாக்கில் இறங்குகிற மாதிரி கொண்டுவந்தேன். பட்டையை முனைக்கு நகர்த்தினால் மெதுவாகும், அச்சுப் பக்கம் நகர்த்தினால் வேகமாகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வீட்டில் செய்வது நல்லது என்பேன், ஆரம்பத்தில் நன்றாக மெதுவாக வைத்துக்கொண்டு நாய் தேறத் தேற வேகத்தைக் கூட்டலாம்.

மேல்பரப்புக்கு வெளிப்புறப் பெயின்ட்டில் மணல் கலந்து அடிப்பது வழக்கமான சிக்கனம். பெரிய நாய்க்குச் சரி. இவன் பாதம் ஒரு ரூபாய் நாணயம் அளவு, மணல் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். ரப்பர்த் துகள் வாங்கி, அதற்கான பசையோடு கலந்து, கரண்டியால் இழுத்துப் பூசினேன். விலை கூடத்தான், ஆனால் மழையில் வழுக்குவதில்லை. கான்டாக்ட் மஞ்சள், நடு நீலம். நாய்களின் கண்ணுக்கு மஞ்சளும் நீலமும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பையும் பச்சையையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

பலகை தயார். ஆனால் அதில் உடனே ஏற்றவில்லை. எங்கள் கிளப்பில் பல வருஷமாகச் சின்ன நாய்களே ஓட்டுகிற ஓர் அம்மா இருக்கிறார், அவர் பலகையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுச் சொன்னது இது: "இதைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. அவன் பயப்படப்போவது உயரத்துக்கு இல்லை, சத்தத்துக்கு. அதை முதலில் விளையாட்டாக்கு."

அதனால் முதலில் சத்தம். அச்சை 10 செ.மீ. துளையில் போட்டு, தூக்கியிருக்கும் முனைக்கு அடியில் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து வைத்து, முனைக்கு முன்னால் பொரியை நிறுத்தினேன். அவன் முன்னங்காலைத் தூக்கி முனையில் வைத்தால் அது கொஞ்சம் இறங்கும், உடனே கோழி. காலை வைக்கிறான், இறங்குகிறது, கோழி. கொஞ்ச நேரத்தில் அவனே இரண்டு கையாலும் அறைந்து இழுக்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம் பெட்ஷீட்டை ரெண்டு மடிப்பாக்கி, ஒரு மடிப்பாக்கி, எடுத்துவிட்டு, கடைசியில் அடியில் ஒரு சிமென்ட் சிலாப். "டப்" என்று தெரு முழுக்கக் கேட்கும். அதற்குள் சத்தம் வந்தால் கோழி வரும் என்பது அவனுக்குப் பதிந்துவிட்டது, கதவை ஓங்கிச் சாத்தினால்கூட வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான். மனைவிக்குத்தான் தலைவலி.

அப்புறம் அசைவு. இறங்கும் முனைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூலை வைத்துவிட்டால் பலகை விழுகிற தூரம் ரெண்டு விரல்கடை ஆகிவிடும். நாய் தைரியமாக ஓடி முனைக்கு வரும், ஒரு சின்ன இறக்கம், தீனி. ஸ்டூலைக் குட்டையாக்கிக்கொண்டே போக வேண்டும். முக்கியமானது, முனை வரைக்கும் வேகம் குறையாமல் ஓடிவருகிற பழக்கம் இப்போதே உறைந்துவிட வேண்டும். நடுவில் நின்று "இது எப்போது இறங்கும்?" என்று பலகையைச் சோதிக்கிற பழக்கம் வந்தால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அச்சுக்கு மேலே நின்று ஊசலாடிக்கொண்டிருக்கும் சின்ன நாய்களைப் போட்டிகளில் நிறையப் பார்க்கலாம், அந்த ஒரு இடத்திலேயே ரெண்டு மூன்று வினாடி போய்விடும்.

இறங்கினதும் எப்படி நிற்பது என்பதில் ஒரு நுணுக்கம். பெரிய நாய்களுக்குப் பெரும்பாலும் முன்னங்கால் ரெண்டும் தரையில், பின்னங்கால் ரெண்டும் பலகையில் என்று நிற்கப் பழக்குவார்கள். நாலு கிலோ நாய் முன்னங்காலைத் தரையில் வைத்ததுமே பாதி எடை பலகையை விட்டுப் போய்விடுகிறது. பலகையை அமுக்கி வைக்கிற கனம் குறைந்து, அது துள்ளும்போது பின்னங்காலுக்கு அடியிலிருந்து எழும்பலாம். அதனால் பொரிக்கு நாலு காலும் பலகையிலேயே, முனையில் பதுங்கிப் படுத்த மாதிரி நிற்க வேண்டும், நான் "போ" என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். பதுங்கினால் துள்ளலும் அவனைத் தூக்கிப் போடுவதில்லை.

எல்லாச் சீசாவும் ஒரே மாதிரி இருக்காது என்பதும் அப்புறம்தான் தெரியவரும். அலுமினியப் பலகை ஒரு தினுசாக இறங்கும், மழையில் ஊறின மரப் பலகை வேறு தினுசு, சிலது ரப்பர் உறையோடு சத்தமே போடாது. பக்கத்து ஊர்க் கிளப்புகளில் மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள், அங்கேயெல்லாம் கூட்டிப்போய் ஏற்றினோம். அறிமுகமில்லாத சீசாவில் முதல் தடவை என்றால் என் கையால் முனையைப் பிடித்து மெதுவாக இறக்குவேன், அப்புறம் விட்டுவிடுவேன்.

வீவ் கம்புகள்

வரிசையாக நட்ட கம்புகளுக்கு நடுவே நாய் இடமும் வலமுமாகப் பின்னிப் பின்னிப் போக வேண்டும், அதுதான் வீவ். இது செலவு குறைந்த வேலை. குளியலறைத் தண்ணீர் வெளியேறப் போடுகிற 32 மி.மீ. வெள்ளைக் குழாய் மூன்று மீட்டர் நீளத்தில் விற்கிறார்கள். ஒன்றை மூன்றாக அறுத்தால் ஒரு மீட்டர்க் கம்பு மூன்று, நாலு குழாயில் பன்னிரண்டு கம்பு முடிந்தது. 10 மி.மீ. கட்டடக் கம்பியை முழங்கை நீளத்துக்கு வெட்டிப் புல்தரையில் அடித்து, அதன்மேல் குழாயைச் செருகிவிட்டால் போதும். கம்புக்குக் கம்பு 60 செ.மீ. இதில் ஏமாற்றக் கூடாது, கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து அடிக்கவும்.

பழக்கியது கனடாப் பயிற்சியாளர் சூசன் காரெட்டின் 2க்கு 2 முறையில். ரெண்டே ரெண்டு கம்பை ஒரு வாசல் மாதிரி நட்டு, அதற்குள் புகுந்து போனால் பொம்மை. அப்புறம் இன்னொரு ஜோடி, கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிக் கடைசியில் எல்லாம் ஒரே நேர்க்கோட்டுக்கு வரும். நுழையும்போது முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும், எந்தத் திசையிலிருந்து வந்தாலும். அதை நாயே கண்டுபிடித்துப் புகுவதுதான் இந்த முறையின் அழகு, நாம் கையைக் காட்டிக் காட்டி நுழைக்க வேண்டியதில்லை.

கோலி கம்புகளுக்கு நடுவே உடம்பை நெளித்துக்கொண்டு போகும். பொரியின் உடம்பே இடைவெளியைவிடக் குட்டை, அவனுக்கு வளைகிற வேலை குறைவு, அடி வைக்கிற வேலை அதிகம். முதலில் ஒவ்வொரு இடைவெளியிலும் டக்கு டக்கென்று ரெண்டு மூன்று அடி வைத்துத் துருதுருவென்று நடந்தான். ஒரு இடைவெளிக்கு ஒரே தாவல் என்று தானாக மாறியது வேகம் கூடின பிறகுதான். அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. கம்புகள் முடிகிற இடத்தில் அவனுக்கு உயிரான முயல்தோல் பொம்மையைப் போட்டுவைத்தேன், மற்றதை அவன் பார்த்துக்கொண்டான்.

தடைகளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. 21.5 மி.மீ. குழாயை 1.2 மீட்டருக்கு அறுத்தால் குறுக்குக் கம்பு. பட்டால் விழ வேண்டும், அதனால் தாங்கியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெறும் வெள்ளையாக விடாமல் நிற டேப்பைச் சுற்றவும். ஏ ஃப்ரேமும் (ரெண்டு சாய்வுப் பலகை கூரை மாதிரி சேர்ந்தது) டாக் வாக்கும் கிளப்பில். ஏ ஃப்ரேமின் உச்சி கிட்டத்தட்ட 1.7 மீட்டர், பொரியின் உயரத்தைப் போல ஆறு மடங்கு. சின்ன நாய்க்கு அடி குட்டை என்பதால் கான்டாக்டைத் தாண்டிக் குதிக்கிற தொல்லை குறைவு, மஞ்சளில் தானாகவே நாலைந்து தடவை பாதம் படும். கோலிக்காரர்கள் இதற்காக மாதக்கணக்கில் உழைப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

கூட ஓடுவது

சின்ன நாயோடு ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் குனிகிற வியாதி உண்டு. நாய் கீழே இருக்கிறது, அதனால் முதுகை வளைத்து, கையைத் தரையில் பெருக்குகிற மாதிரி வைத்துக்கொண்டு ஓடுவோம். நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு பெரிய உருவம் தன் மேல் கவிழ்கிறது. வேகத்தைக் குறைத்துவிடும். நிமிர்ந்து ஓடினால் நமக்கும் கால் வரும், அதற்கும் வழி தெரியும். அது பார்ப்பது நம் பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான், கையை அப்புறம்தான். ஷூவின் முனை அடுத்த தடையைப் பார்த்தால் பொரி அங்கே போய்விடுகிறான்.

ஃப்ரன்ட் கிராஸ், அதாவது நாய்க்கு முன்னால் நாம் திரும்பிப் பக்கம் மாறுவது, இதில் ஆபத்து உண்டு. பெரிய நாய் வந்து மோதினால் நாம் விழுவோம், சின்ன நாய் வந்தால் நாம் மிதித்துவிடுவோம். ஒரு தடவை மிதிபட்ட நாய் அப்புறம் நம்மைச் சுற்றி அகலமாக ஓட ஆரம்பிக்கும், அதில் நேரம் போகும். அதனால் நாய் முந்தைய தடைக்குக் கால் எடுக்கும்போதே நாம் மாறி முடித்து நகர்ந்துவிட வேண்டும். முடியாதென்றால் பின்னாலிருந்து மாறுகிற ரியர் கிராஸ். அதற்கு நாய் நம்மைத் திரும்பிப் பார்க்காமல் முன்னே போகப் பழகியிருக்க வேண்டும். சின்ன நாய் வளைவை இறுக்கமாக எடுக்கும். நேர் ஓட்டத்தில் கோலியிடம் தோற்கிற நேரத்தில் கொஞ்சத்தை அது திருப்பங்களில் மீட்டுக்கொள்ளும், நாம் சரியான இடத்தில் நின்றால்.

கட்டளைகள் தமிழில்தான். தாண்டு, நுழை, பின்னு, ஏறு, சீசாவுக்கு மட்டும் "டப்". இதில் அடுத்தடுத்து வருகிற வார்த்தைகள் காதுக்கு ஒன்றுபோல் இருக்கக் கூடாது. "பொறு" என்று சொன்னால் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து ஓடிவருவான் என்பதால், நிற்க வைக்க "நில்".

புல்லைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. பத்து செ.மீ. புல் நமக்குக் கணுக்கால், அவனுக்கு வயிறு. பனி விழுந்த காலையில் ரெண்டு நிமிஷத்தில் வயிறு சொட்டச் சொட்ட நனைந்து, நடுங்கிக்கொண்டு, ஓட மாட்டேன் என்று நிற்பான். காலை முதல் ஓட்டத்துக்கு முன் ஈரமில்லாத இடத்தில், ஒரு கம்பளி விரிப்பின் மேல், ரெண்டு பக்கமும் வட்டமிட வைத்து, முன்னங்காலை ஒரு சின்ன பெட்டியில் ஏற்றி இறக்கி உடம்பைச் சூடு பண்ணுவோம். குளிர்காலத்தில் குதிரைப் பயிற்சிக் கொட்டகைக்குள் பழக்கலாம், தரை உலர்ந்திருக்கும். ஆனால் அங்கே அங்கங்கே குதிரைச் சாணம் கிடக்கும், அதன் முன்னால் என் கோழி நார் எம்மாத்திரம். ஓட்டத்தின் நடுவில் திரும்பிப் பார்த்தால் பொரி ஒரு மூலையில் நின்று மென்றுகொண்டிருப்பான்.

போட்டி

பதினெட்டு மாதம் நிரம்பாத நாயை ஓடவிட மாட்டார்கள். முதல் போட்டிக்கு முன் அதிகாரபூர்வமாக அளந்து பதிவு செய்ய வேண்டும், நாயைச் சமதளத்தில் நிறுத்தித் தோள் உயரம் பார்ப்பார்கள். எங்களுக்கு அதில் பதற்றம் இல்லை. ஆனால் முன்னால் நின்ற ஒரு டெரியர்க்காரர் 35 செ.மீ. கோட்டில் நிற்கிற நாயோடு தவித்ததைப் பார்க்க வேண்டுமே, ஒரு மயிரிழை கூடினால் மீடியம், தடை 40 செ.மீ. நாய் என்னவோ அன்றைக்குத்தான் ராஜா மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: முதல் சீசனில் ஜம்பிங் வகுப்புகளுக்கு மட்டும் பெயர் கொடுங்கள். அதில் தடை, டனல் என்கிற குழாய்ச் சுரங்கம், வீவ் மட்டும்தான், சீசாவும் ஏ ஃப்ரேமும் டாக் வாக்கும் கிடையாது. புது மைதானம், கூடாரங்கள், ஒலிபெருக்கி, பக்கத்து ரிங்கில், அதாவது பக்கத்துப் போட்டிக் களத்தில், குரைக்கிற நாய்கள், இத்தனையும் நாய் முதலில் ஜீரணிக்கட்டும். இந்தச் சத்தத்தோடு சீசாவையும் சேர்த்துக் கொடுத்துப் பயந்துவிட்டால், வீட்டில் செய்த வேலை எல்லாம் வீண்.

ஓட்டத்துக்கு முன் நாய் இல்லாமல் பாதையை நடந்து பார்க்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு, இல்லாத நாயிடம் பேசிக்கொண்டு நடப்பதைப் புதிதாக யாராவது பார்த்தால் பயந்துவிடுவார்கள். நான் ஒரு இடத்தில் மட்டும் உட்கார்ந்து பார்ப்பேன், டனலிலிருந்து வெளியே வருகிற இடத்தில். 30 செ.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் எந்தத் தடை முதலில் கண்ணில் படுகிறது? நின்று பார்த்தால் ஒன்று தெரியும், குந்திப் பார்த்தால் வேறொன்று தெரியும். பல நாய்கள் தவறான தடைக்குப் போய் எலிமினேட் ஆவது, அதாவது அந்த ஓட்டத்திலிருந்தே நீக்கப்படுவது, இந்த மாதிரி இடத்தில்தான்.

நடுவர் கையை விரித்து உயர்த்தினால் ஐந்து ஃபால்ட், முஷ்டியை உயர்த்தினால் ரெஃப்யூசல் (நாய் தடையை மறுத்தது), ரெண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் கதை முடிந்தது. பொரியின் ஆரம்ப ஓட்டங்களில் இந்த மூன்றையும் தாராளமாகப் பார்த்தோம். ஒரு தடவை பாதியில் ரிங்கை விட்டு வெளியேறி, வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் கையிலிருந்த சாண்ட்விச்சைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஸ்மால் வகுப்பில் லார்ஜைவிடக் கூட்டம் குறைவாக இருக்கும், அதை வைத்து எளிது என்று நினைக்க வேண்டாம். மேல் கிரேடுகளில் ஓடுகிற ஷெல்டிகளும் பப்பியான்களும் ஜாக் ரஸ்ஸல்களும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகின்றன. ஏழு கிரேடுகளில் நாங்கள் இன்னும் அடியில்தான் இருக்கிறோம்.

சீசா இருக்கிற வகுப்பில் முதலில் இறங்கியது பெட்ஃபோர்ட்ஷையர் பக்கம் ஒரு மைதானத்தில். பாதையில் பத்தாவது தடை அது, டனலிலிருந்து நேரே. நான் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். "டப்" என்று கத்தினேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விறுவிறுவென்று ஏறி, நடுவைத் தாண்டி, முனைக்குப் போய்ப் பதுங்கினான். அலுமினியப் பலகை, நிதானமாக இறங்கியது. தரையில் மோதின சத்தம் கேட்டதும் வாய் திறந்து என்னைப் பார்த்தான், கோழிக்கு. ரிங்குக்குள் தீனி கொண்டுபோகக் கூடாது, "போ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. போனான், ஆனால் அடுத்த தடை வரைக்கும் தலையைத் திருப்பித் திருப்பி என் கையையே பார்த்துக்கொண்டு போனான், அதனாலேயே நேர ஃபால்ட் கொஞ்சம் ஏறியது. மற்றபடி கம்பு எதுவும் விழவில்லை, கான்டாக்ட் எல்லாம் சுத்தம்.

அதனால் இப்போது வீட்டில் கோழியை நிறுத்திவிட்டேன், முற்றிலும் இல்லை, சீசாவில் கொடுக்காமல் அதற்கு அப்புறம் ரெண்டு தடை தாண்டின பிறகு கொடுக்கிறேன். சத்தம் கேட்டால் முன்னே ஓடினால்தான் கிடைக்கும் என்று மாறிக்கொண்டிருக்கிறது. பட்டைகளையும் அச்சுப் பக்கம் நகர்த்திப் பலகையைக் கொஞ்சம் வேகமாக்கியிருக்கிறேன்.

மிச்சமிருக்கிற மூன்று பலகைகளில் டாக் வாக் செய்ய வேண்டும். முழு அளவு வைத்தால் பதினொரு மீட்டர் வேண்டும், எங்கள் தோட்டம் அதற்குப் போதாது. எட்டு அடிப் பலகை மூன்று என்றால் ஏழு மீட்டர் சொச்சம், வேலியிலிருந்து வேலிக்கு மூலைவிட்டமாகப் போட்டால் அடங்கும், உயரம் 60 செ.மீ. போதும். கீல் வாங்கியாயிற்று. ரப்பர்ப் பசை காய உலர்ந்த நாள் ரெண்டு வேண்டும், இந்த ஊர் மழை விட்டால் பூசிவிடுவேன்.